பழைய ஹெரால்டின் ஒரிஜினல் விவரம்: வண்டியைக் கேட்பதா, காகிதத்தைக் கேட்பதா, ஆளைக் கேட்பதா?

பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வாங்கியவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வண்டி இப்போது சிவப்பாக இருக்கிறது, டிக்கிக்குள் பாயைத் தூக்கினால் கொஞ்சம் நீலம் தெரிகிறது, சீட் ரெக்சின் யாரோ மாற்றியது, வீல் கப் நாலும் நாலு தினுசு. ஃபேக்டரியிலிருந்து வெளியே வந்த அன்று இது எப்படி இருந்தது? இங்கிலாந்துக்கு எழுதிப் பணம் கட்டினால் சான்றிதழ் தருவார்களாமே, அதை வாங்கலாமா, இல்லை பழைய பார்ட்ஸ் புத்தகம் தேடலாமா, இல்லை வண்டலூரில் அது தயாரான தொழிற்சாலையில் வேலை பார்த்த யாரையாவது பிடிக்கலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வழி உசத்தி என்று பார்ப்பதற்கு முன்னால், எந்த ஆதாரம் முதலில் அழிந்துபோகும் என்று பாருங்கள். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். இங்கிலாந்தில் அலமாரியில் இருக்கும் லெட்ஜர் இன்னும் பத்து வருடம் கழித்தும் அங்கேயே இருக்கும். உங்கள் வண்டியின் கதவுக்குள் ஒட்டியிருக்கும் பழைய பெயின்ட், டிங்கரிங் பட்டறையில் விட்ட மறுநாள் சாயங்காலம் இருக்காது. ஆனால் ஆர்வலர்களில் முக்கால்வாசிப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு, சுரண்டி முடித்த பிறகு, சான்றிதழுக்கு எழுதிப் போடுகிறார்கள்.

ஹெரால்டை நான் உதாரணமாக எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. பாதி கதை இங்கிலாந்தில், பாதி கதை சென்னையில். கோவென்ட்ரியில் 1959 ஏப்ரலில் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வெளிவந்தது, வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. 1961-இல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா அதை வண்டலூரில் தயாரிக்க ஆரம்பித்தது, பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அங்கே எஞ்சின் 1147 சி.சி., 1296 சி.சி. என்று வளர்ந்துகொண்டே போனது, இங்கே 948 சி.சி.யோடு நின்றுவிட்டது. அங்கே கடைசி வரை இரண்டு கதவுதான். இங்கே மார்க் த்ரீ என்று நாலு கதவு வண்டியே வந்தது. அப்புறம் வந்த கெஸல் முழுக்க நம்மூர்ச் சரக்கு. ஹெரால்டின் பின்பக்க ஸ்விங் ஆக்சிலை (இரண்டு பின்சக்கரமும் தனித்தனியாக அசையும் அமைப்பு) எடுத்துவிட்டு அதில் சாதாரண ஆக்சில் போட்டார்கள். ஆக, "ஹெரால்டின் ஒரிஜினல்" என்று தேடி இணையத்தில் கிடைப்பதில் பெரும்பகுதி உங்கள் வண்டிக்குப் பொருந்தாது.

இதில் பெருமையைத் தாண்டி காரியமும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 வயது தாண்டிய, ஒரிஜினல் வடிவத்தில் பராமரிக்கப்பட்ட, சேசிஸிலும் பாடி ஷெல்லிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பின்னால் "வி.ஏ." என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். இதற்குப் போகும்போது எது ஒரிஜினல், எது பிறகு வந்தது என்பதைக் கையில் ஆதாரத்தோடு வைத்திருப்பவருக்கு வாய்ப் பேச்சு குறையும்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள். ஒவ்வொரு வழியையும் இதை வைத்தே பார்க்கப்போகிறேன்.

- இது *உங்கள்* வண்டியைப் பற்றிச் சொல்கிறதா, அந்த மாடலைப் பற்றிப் பொதுவாகச் சொல்கிறதா? குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.
- எப்போது பதிவானது? வண்டி தயாரானபோதா, பத்து வருடம் கழித்து யாரோ எழுதியதா?
- நடுவில் யாராவது மாற்றியிருக்க முடியுமா?
- வெளியில் சொல்லும் செலவு என்ன, உள்ளே ஒளிந்திருக்கும் செலவு என்ன?
- தள்ளிப்போட்டால் அழியுமா?

| வழி | உங்கள் வண்டியா, மாடலா | மாறியிருக்க வாய்ப்பு | செலவு | தள்ளிப்போட்டால் |
|---|---|---|---|---|
| வண்டியே | உங்கள் வண்டி | பாகத்துக்குப் பாகம் வேறுபடும் | உங்கள் பொறுமை | பட்டறையில் அழியும் |
| ஆர்.சி. புத்தகம் | உங்கள் வண்டி | நகல் எடுக்கும்போது | குறைவு, அலைச்சல் அதிகம் | மெதுவாக அழியும் |
| தயாரிப்பாளர் ஆவணச் சான்றிதழ் | உங்கள் வண்டி | மிகக் குறைவு | ஆயிரங்களில், காத்திருப்பும் உண்டு | அழியாது |
| பார்ட்ஸ் புத்தகம், விளம்பரம் | மாடல் | பதிப்புக்குப் பதிப்பு | சில நூறு முதல் ஆயிரங்கள் வரை | அவசரமில்லை |
| ஆட்கள் | பெரும்பாலும் மாடல் | நினைவு கலங்கும் | டீ, பஸ் சார்ஜ் | வருடா வருடம் குறைகிறார்கள் |
| இன்னொரு வண்டி | மாடல் | நிறைய | பயணம் | விற்றுவிடுவார்கள் |

## வண்டியே சொல்வது

எனக்கு இதுதான் முதல் சாட்சி. ஆனால் எல்லாப் பாகமும் சமமான சாட்சி இல்லை.

பானெட்டைத் தூக்கினால் பல்க்ஹெட்டில் (எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கும் தகரச் சுவர்) ஒரு தகடு இருக்கும், கமிஷன் பிளேட் என்பார்கள். இங்கிலாந்தில் கட்டிய ஹெரால்டுகளில் இந்த நம்பர் நிறையப் பேசும். ஜி என்று தொடங்கினால் 948 சி.சி. மாடல், ஜி.ஏ. என்றால் 1200 என்ற 1147 சி.சி. மாடல், ஜி.இ. என்றால் 13/60 என்ற 1296 சி.சி. மாடல். கடைசியில் வரும் எழுத்து பாடியைச் சொல்லும்: டி.எல். என்றால் சலூன், அதாவது தகரக் கூரை போட்ட கார், சி.வி. என்றால் கன்வெர்டிபிள், அதாவது கூரையை மடக்கித் திறக்கும் கார். இது ஏன் முக்கியம் என்றால், ஹெரால்டின் பாடி தனிச் சேசிஸ் மேல் போல்ட் போட்டு நிற்கும் பகுதிகளாகச் செய்யப்பட்டது, கூரையையே கழற்றிவிடலாம். அதனால் சலூனை வாங்கிக் கூரையைக் கழற்றிக் கன்வெர்டிபிள் என்று விற்பது அங்கே சகஜம். தகட்டில் டி.எல். என்று இருந்தால் விற்பவர் எவ்வளவு பேசினாலும் அது சலூன்தான். பெயின்ட் கோடும் அதிலேயே இருக்கும், 19 என்றால் வெள்ளை, 32 என்றால் சிக்னல் ரெட். ஆனால் இது கோவென்ட்ரி அட்டவணை. வண்டலூர் வண்டியின் தகட்டை இதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு படிக்காதீர்கள்.

தகட்டை அப்படியே நம்பவும் கூடாது. வெற்றுத் தகடுகள் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். எந்த நம்பர் வேண்டுமானாலும் குத்திக்கொள்ளலாம். ரிவெட்டைப் பாருங்கள், சுற்றியிருக்கும் பெயின்ட் ரிவெட் மேலேயும் ஏறியிருக்கிறதா, தகட்டின் அடியில் இருக்கும் நிறம் வேறா என்று பாருங்கள்.

அடுத்தது தேதி குத்திய பாகங்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பைத் துணியால் துடைத்தால் மாடல் நம்பருக்குப் பக்கத்தில் நாலு இலக்கம் தெரியும். 2562 என்றால் 1962-ஆம் வருடத்தின் 25-ஆவது வாரம். டிரிப்ளெக்ஸ் கண்ணாடியில் முத்திரை எழுத்துகளுக்கு மேலும் கீழும் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும், அவையும் தேதிதான். ஒரு பாகத்தின் தேதி வண்டி தயாரான தேதிக்குக் கொஞ்சம் முந்தி இருந்தால் சரி. கப்பலில் வந்த பாகமாக இருந்தால் இடைவெளி இன்னும் கூடும், பயப்பட வேண்டாம். வண்டியின் தேதிக்குப் பிந்தி இருந்தால் அது பிறகு மாட்டியது, அதில் பேச்சே இல்லை. லூக்காஸ் டி.வி.எஸ். 1961-இல் பாடியில் தொடங்கிய நிறுவனம். ஆகவே 60-களின் வண்டலூர் வண்டியில் மின்சாரப் பாகத்தின் மேல் வெறும் லூக்காஸ் என்று இருக்கிறதா, லூக்காஸ் டி.வி.எஸ். என்று இருக்கிறதா என்பதையும் குறித்து வையுங்கள். "இங்கிலாந்து சாமான்தான் ஒரிஜினல்" என்று நினைத்து நம்மூர்ப் பாகத்தைக் கழற்றி எறிந்தவர்கள் பலர்.

நட்டு போல்ட்டும் சாட்சி சொல்லும். ஹெரால்டு முழுக்க அங்குலக் கணக்கு. ஸ்பேனர் போடும்போது மெட்ரிக் தலை கிடைத்தால், அந்த இடத்தில் எப்போதோ யாரோ கை வைத்திருக்கிறார்கள், அனேகமாகப் பக்கத்தில் நின்ற ஃபியட்டிலிருந்து எடுத்த போல்ட்டாக இருக்கும். ஒரே ஒரு மெட்ரிக் போல்ட் பெரிய விஷயமில்லை. ஸ்டீயரிங் பக்கம் முழுக்க மெட்ரிக் என்றால் யோசிக்க வேண்டும்.

நிறத்துக்கு வருவோம், இதுதான் எல்லோரும் கேட்பது. வெளிப்பக்கம் பார்த்துப் பிரயோஜனமில்லை. டேஷ்போர்டுக்கு அடியில், கதவு டிரிம்மைக் கழற்றினால் உள்ளே, டிக்கி லைனிங்குக்குப் பின்னால், பெட்ரோல் டேங்குக்குப் பின்புறம் என்று ஸ்பிரே கன் எட்டாத இடங்களைப் பாருங்கள். பிறகு வெளிப்பக்கத்தில், மறைவான ஒரு மூலையில், ரூபாய் நாணயம் அளவுக்கு 600 நம்பர் வாட்டர் பேப்பரை (உப்புத் தாள் மாதிரி தேய்க்கும் காகிதம்) தண்ணீர் தொட்டு மெதுவாகத் தேயுங்கள். வட்டம் வட்டமாக வரும். வெளி வட்டம் இப்போதைய சிவப்பு, அதற்குள் சாம்பல் பிரைமர், அதற்குள் ஒரு பச்சை, மறுபடி பிரைமர், அதற்குள் நீலம், நடுவில் தகரத்தை ஒட்டிய பிரைமர். தகரத்தை ஒட்டிய பிரைமருக்கு நேர் மேலே எந்த நிறமோ அதுதான் முதல் நிறம். நடுவில் பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) வந்தால் அந்த இடம் அடிபட்ட இடம், வேறு இடம் தேடுங்கள். ஹெரால்டில் இதை ஒவ்வொரு பேனலிலும் செய்ய வேண்டும், ஏனென்றால் பேனலே இன்னொரு வண்டியிலிருந்து வந்திருக்கலாம். ஒரு கதவில் மட்டும் முதல் நிறம் வெள்ளையாக வந்தால் அந்தக் கதவு சென்னை புதுப்பேட்டைப் பழைய பாகக் கடையிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒளிந்திருக்கும் செலவு என்ன? நேரம். அப்புறம் பட்டறைக்காரரோடு மல்லுக்கட்டுவது. அவருக்குச் சுத்தமாகச் சுரண்டிக் கொடுப்பதுதான் நல்ல வேலை. "இந்த மூலையைத் தொடாதீங்க அண்ணே" என்று வாயால் சொன்னால் போதாது, மாஸ்கிங் டேப் ஒட்டி மேலே எழுதி வையுங்கள். சீட் வேலைக்குக் கொடுக்கும்போதும் இதே கதைதான். பழைய ரெக்சினை உரித்துத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் மடிப்புக்குள் வெயில் படாத துண்டை வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்க வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம்: அங்கே தொழிற்சாலையில் அந்த வண்டிக்கு என்னென்ன போட வேண்டும் என்று எழுதிய பில்ட் ஷீட் காகிதம் சீட் ஸ்பிரிங்குக்குள்ளேயும் பெட்ரோல் டேங்க் மேலேயும் அப்படியே கிடந்துவிடுவது உண்டு. குஷன் கடையில் குப்பையோடு போய்விட்டால் போனதுதான்.

## ஆர்.சி. புத்தகம்

நம்மூரில் கிடைக்கும் அருமையான ஆவணம், யாரும் மதிப்பதில்லை. பதிவுச் சான்றிதழில் சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், தயாரிப்பு மாதம் வருடம், எல்லாவற்றுக்கும் மேலாக நிறம் எழுதுவதற்கும் ஒரு இடம் உண்டு. பழைய கையெழுத்துப் புத்தகம் கிடைத்தால் உரிமையாளர்கள் வரிசையும் தெரியும். அதைப் பிடித்துப் போனால் முதல் உரிமையாளர் வீட்டுக் கல்யாண ஆல்பம் வரை போகலாம். எஞ்சினையோ எரிபொருளையோ மாற்றிப் பதிவு செய்திருந்தால் அதுவும் ஏறியிருக்கும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அதற்காகத்தான் இருக்கிறது.

குறை என்னவென்றால், நிறம் என்ற இடத்தில் "நீலம்" என்று மட்டும் இருக்கும். எந்த நீலம் என்று ஆய்வாளருக்குக் கவலையில்லை. புத்தகம் தொலைந்து நகல் வாங்கியிருந்தால், நகல் வாங்கிய அன்றைக்கு வண்டி இருந்த நிறம் ஏறியிருக்க வாய்ப்புண்டு. கணினிக்கு மாற்றும்போது நடந்த எழுத்துப் பிழைகள் தனிக் கதை. எட்டு மூன்றாகும், பி டி ஆகும். ஆகவே சேசிஸில் குத்திய நம்பரைப் பென்சில் தேய்த்துப் பிரதி எடுத்து, புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் முதலில் அதைச் சரி செய்யுங்கள், அலுவலகத்துக்கு ஐந்தாறு முறை நடக்க வேண்டியிருந்தாலும் சரி. மற்ற எல்லா வழியும் இந்த நம்பரை நம்பித்தான் நிற்கிறது.

எஞ்சின் நம்பர் விஷயத்தில் வண்டியைவிட ஆர்.சி.யை நான் அதிகம் நம்புவேன். எஞ்சினை ஒரு நாளில் மாற்றலாம், முதல் பதிவை அப்படி மாற்ற முடியாது.

## தயாரிப்பாளரின் ஆவணச் சான்றிதழ்

பலரும் ஆசைப்படுவது இதற்குத்தான், ஃபிரேம் போட்டு மாட்டலாமே. வார்விக்‌ஷைரில் கெய்டன் என்ற இடத்தில் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இருக்கிறது. டிரையம்ஃப், எம்.ஜி., ஆஸ்டின், மோரிஸ் போன்ற பல பிராண்டுகளின் தயாரிப்பு லெட்ஜர்கள் அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. நம்பரைக் கொடுத்தால் லெட்ஜரைப் பார்த்து ஹெரிடேஜ் சான்றிதழ் எழுதித் தருவார்கள்: தயாரான தேதி, அனுப்பிய தேதி, எந்த நாட்டுக்கு, பெயின்ட், டிரிம், கூடுதலாகக் கேட்டுப் போட்டவை.

தயாரானபோது எழுதியது, உங்கள் வண்டியைப் பற்றியது, பிறகு யாரும் கை வைக்கவில்லை. முதல் மூன்று கேள்வியிலும் நூற்றுக்கு நூறு. அப்படியானால் ஏன் இதை முதலில் வாங்கச் சொல்லவில்லை?

முதல் காரணம், வண்டலூர் வண்டிக்கு இது பயன்படாது. பிரித்த பெட்டிகளாகக் கப்பலேறி, இங்கே கோத்து, இங்கே பெயின்ட் அடித்து, போகப் போக இங்கேயே பாகங்களும் செய்யப்பட்ட வண்டிக்கு, எந்த நிறம் போட்டார்கள் என்று கோவென்ட்ரி குமாஸ்தாவுக்கு எப்படித் தெரியும்? அந்த லெட்ஜர் துறைமுகத்தோடு நின்றுவிடுகிறது. வண்டலூர் தொழிற்சாலையோ மூடிப் பல காலம் ஆகிவிட்டது, கெய்டன் மாதிரி எழுதித் தர அங்கே ஆளில்லை. நாலு கதவு மார்க் த்ரீயோ கெஸலோ வைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் பணம் அனுப்புவது வீண்.

இரண்டாவது, சான்றிதழ் என்பது வெளியே போனது என்ன என்பதற்கு மட்டும்தான் சாட்சி. இப்போது உங்கள் வீட்டில் நிற்பதை யாரும் வந்து பார்ப்பதில்லை. சான்றிதழில் இருக்கும் எஞ்சின் நம்பரும் வண்டியில் இருப்பதும் வேறாக இருந்தால், அந்தக் காகிதம் விலையை ஏற்றுவதற்குப் பதில் இறக்கும். வாங்குவதற்கு முன்னால் இதை யோசித்துக்கொள்ளுங்கள். வண்டி வாங்கப் போகிறவருக்கோ இதே காகிதம் பொன்.

மூன்றாவது, எல்லா நிறுவனமும் ஒரே மாதிரி இல்லை. மெர்சிடீஸில் டேட்டா கார்டு என்று ஒன்று உண்டு, எஞ்சின் நம்பர், கியர்பாக்ஸ் நம்பர், பெயின்ட் கோடு, ஆப்ஷன் கோடு எல்லாம் ஒரே தாளில். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுக்கு வுல்ஃப்ஸ்பர்க் மியூசியம் பிறப்புச் சான்றிதழே தருகிறது. அமெரிக்காவில் ஃபோர்டுக்கு 1967 முதல் மார்ட்டி ரிப்போர்ட், ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக்குக்கு பி.எச்.எஸ். ஆவணம், இரண்டிலும் கேட்டுப் போட்ட ஆப்ஷன் ஒவ்வொன்றாக வரும். அதே ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே வண்டிக்கோ அப்படிக் கேட்டு வாங்கும் தொகுப்பு இல்லை. அங்கே காகிதத் துண்டுகளையும் பாக முத்திரைகளையும் வைத்துத்தான் மல்லுக்கட்ட வேண்டும், அந்த வண்டிகளில் போலி அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரோல்ஸ்ராய்ஸ் இன்னொரு தினுசு. இங்கிலாந்தில் பாலர்ஸ்பரி ஹன்ட் ஹவுஸில் ரோல்ஸ்ராய்ஸ் ஆர்வலர் கிளப் பழைய சேசிஸ் கார்டுகளைப் பாதுகாக்கிறது. யார் ஆர்டர் கொடுத்தது, என்னென்ன விசேஷமாகக் கேட்டார் என்பதெல்லாம் அதில் உண்டு, நம் மகாராஜாக்களின் வண்டிகளுக்கு அது படிக்கப் படிக்க சுவாரசியம். ஆனால் அந்தக் காலத்தில் கம்பெனி சேசிஸைத்தான் விற்றது, பாடி கட்டியது பார்க்கர், ஹூப்பர் மாதிரி தனிக் கோச் பில்டர்கள். சேசிஸுக்கு ஒரு இடம், பாடிக்கு இன்னொரு இடம் என்று இரண்டு கதவைத் தட்ட வேண்டும்.

மறைமுகச் செலவு: பல இடங்களில் உரிமைச் சான்று கேட்பார்கள், வண்டி இன்னும் அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருந்தால் முதலில் பெயர் மாற்ற வேண்டும். அந்த அலைச்சலையும் கணக்கில் வையுங்கள்.

## பார்ட்ஸ் புத்தகம், சர்வீஸ் மேனுவல், விளம்பரம்

இவை மாடலைப் பற்றிப் பேசும். ஆனால் பார்ட்ஸ் புத்தகத்தில் ஒரு ரகசியம் இருக்கிறது: "இந்த நம்பர் வரை இந்த வாஷர், இந்த நம்பரிலிருந்து அந்த வாஷர்" என்று மாற்றம் வந்த இடத்தைக் குறித்திருப்பார்கள். உங்கள் நம்பர் கையில் இருந்தால் மாடல் புத்தகம் கிட்டத்தட்ட உங்கள் வண்டிப் புத்தகமாகிவிடும். வாங்கும்போது உங்கள் வண்டி வருடத்துக்கு ஒட்டிய பதிப்பாக வாங்குங்கள். பிந்திய பதிப்பில் பழைய பாக எண்ணை எடுத்துவிட்டுப் புதிய எண்ணைப் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து வாங்கினால் கடையில் பொருந்தும், ஒரிஜினலாக இருக்காது.

பிரிட்டிஷ் புத்தகத்தில் நாலு கதவு ஹெரால்டின் பின்கதவுக்குப் பக்கமே கிடையாது. 1985-இல் இதே கம்பெனி கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000 கார் இன்னும் வேடிக்கை. பாடி ரோவர் எஸ்.டி.1, எஞ்சினோ ஸ்டாண்டர்டின் பழைய வான்கார்டு கார் வழி வந்த 1991 சி.சி. ரோவர் மேனுவலை வாங்கிவிட்டு எஞ்சின் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் ஒன்றும் ஒட்டாது. ஆக இந்தியப் பதிப்பைத்தான் தேட வேண்டும், ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கவுண்டருக்கு அடியில் எண்ணெய்க் கறையோடு இன்னும் கிடக்கலாம், விற்க மாட்டார்கள், போட்டோ எடுக்க விடுவார்கள்.

விளம்பரத்துக்கு கன்னிமாரா நூலகமும் தரமணி ரோஜா முத்தையா நூலகமும் இருக்கின்றன. 60-களின் பத்திரிகைகளைப் புரட்டினால் ஹெரால்டு விளம்பரம் கண்ணில் படும். கறுப்பு வெள்ளை என்பதால் நிறம் தெரியாது, ஆனால் பம்பர் வடிவம், பேட்ஜ் இருக்கும் இடம், வீல் கப் எல்லாம் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: விளம்பரப் படம் ஓவியமாக இருந்தால் வண்டியை இழுத்து நீளமாக்கி வரைந்திருப்பார்கள், போட்டோவாக இருந்தாலும் விற்பனைக்கு முந்திய மாதிரி வண்டியாக இருக்கலாம். அதில் தெரியும் ஒரு குரோம் பட்டைக்காக ஆறு மாதம் அலைய வேண்டாம்.

குடும்ப ஆல்பம் இதைவிட நல்ல சாட்சி, அது உங்கள் வண்டியே. 70-களின் கலர் போட்டோக்கள் மட்டும் நாளாக ஆகச் சிவந்துவிடும், அதைப் பார்த்து நிறம் முடிவு செய்யாதீர்கள்.

## ஆட்கள்

வண்டலூரில் வேலை பார்த்தவர்கள், அந்தக் காலத்து மெக்கானிக்குகள், கிளப்காரர்கள். இங்கிலாந்தில் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் போன்ற டிரையம்ஃப் வகைகளுக்கென்றே 1977 முதல் டிரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் இருக்கிறது, சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் இருக்கிறது.

காகிதத்தில் வராத விஷயம் இவர்களிடம் மட்டும்தான் கிடைக்கும். கதவு ரப்பரை எப்படி ஒட்டினார்கள், அண்டர்கோட் எங்கே வரை அடித்தார்கள், எந்தப் பாகம் தீர்ந்துபோனால் எதை மாட்டி அனுப்பினார்கள் என்பதெல்லாம். வருடத்தைக் கேட்டால் குழம்புவார்கள், பாகத்தைக் கையில் கொடுத்தால் குழம்ப மாட்டார்கள். "ஐயா, இது நீலம்தானே" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார்கள், வீடு தேடி வந்தவரை ஏன் ஏமாற்ற வேண்டும் என்று. "என்னென்ன நிறம் வரும்" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லாமல் தனித்தனியாகக் கேளுங்கள். 70-களில் முப்பது வயதில் லைனில் நின்றவருக்கு இப்போது எண்பது. வண்டியைச் சுரண்டுவதற்கு முன்னால் இதையும் செய்துவிட வேண்டும்.

## இன்னொரு வண்டியைப் பார்ப்பது

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கை படாத வண்டியாக இருந்தால் பாடம், ரீஸ்டோர் செய்த வண்டியாக இருந்தால் இன்னொருவரின் யூகம். கோவை ஜி.டி. கார் மியூசியம் மாதிரி இடங்களுக்குப் போய் அமைப்பையும் அளவையும் பார்த்து ரசிக்கலாம், ஆனால் எந்தக் காட்சி வண்டியின் பெயின்ட் பளபளப்பையும் ஃபேக்டரி தரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்தக் காலத் தொழிற்சாலை அவ்வளவு வழவழப்பாக அடித்ததில்லை. கொட்டகையில் தூசி படிந்து கிடக்கும் வண்டிதான் தேட வேண்டியது. உங்களுடையதற்குப் பக்கத்து நம்பராக இருந்தால் அதிர்ஷ்டம்.

## யாருக்கு எது

வண்டலூர் ஹெரால்டு, கெஸல், ஸ்டாண்டர்டு 2000 வைத்திருப்பவர்கள்: வண்டி, ஆர்.சி., ஆட்கள், இந்தியப் பார்ட்ஸ் புத்தகம், இந்த வரிசையில். வெளிநாட்டுச் சான்றிதழுக்கு வைத்திருக்கும் பணத்தில் நல்ல கேமரா லைட் ஒன்று வாங்கி ஒவ்வொரு மூலையையும் கழற்றுவதற்கு முன்னால் படம் எடுங்கள்.

முழு வண்டியாகவே இறக்குமதியான எம்.ஜி., டிரையம்ஃப், பழைய மெர்சிடீஸ்: சான்றிதழ் கட்டாயம் வாங்கலாம், பணத்துக்கு மதிப்பு உண்டு. நம்பர்களைப் பென்சில் பிரதியோடு சரிபார்த்த பிறகு விண்ணப்பியுங்கள். காத்திருக்கும் நேரத்தில் வாட்டர் பேப்பர் வேலையை முடித்துவிடலாம்.

வாங்கப் போகிறவர், இன்னும் பணம் கொடுக்கவில்லை: ஆர்.சி., தகடு, சேசிஸ் நம்பர், தேதி குத்திய நாலைந்து பாகம். ஒரு மணி நேரம் போதும். விற்பவர் டிரிம்மைக் கழற்ற விடமாட்டார், அதனால் டிக்கியும் டேஷ்போர்டு அடியும் மட்டும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே சுரண்டிப் பெயின்ட் அடித்தாகிவிட்டது என்பவர்களுக்கு மிச்சம் ஆர்.சி.யும் ஆல்பமும் ஆட்களும்தான். பெட்ரோல் டேங்கைக் கழற்றியிருக்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கையோடு அதன் பின்னால் பாருங்கள்.

## ஒன்றுக்கொன்று முரண்பட்டால்

முரண்படும். தகரம் நீலம் என்கிறது, ஆர்.சி. சாம்பல் என்கிறது, மெக்கானிக் பச்சை என்கிறார். யாரும் பொய் சொல்லவில்லை. சாம்பல் கலந்த நீலத்தை ஆய்வாளர் சாம்பல் என்று எழுதியிருப்பார், மெக்கானிக் பார்த்தது இரண்டாவது பெயின்ட் அடித்த பிறகு. நிறத்துக்குத் தகரம் சொல்வதே முடிவு, குறைந்தது மூன்று பேனல் ஒத்துப்போக வேண்டும். எஞ்சினுக்கு முதல் பதிவு. சின்னச் சின்னப் பாகத்துக்குப் பார்ட்ஸ் புத்தகமும் கை படாத இன்னொரு வண்டியும் ஒத்துப்போனால் போதும்.

நீலம் என்று முடிவானதும், எந்த நீலம் என்ற வேலை பாக்கி. டேஷ்போர்டுக்கு அடியில் கழற்ற முடிகிற ஒரு சின்னப் பிராக்கெட்டைக் கழற்றி, மெழுகு பாலிஷ் போட்டு மேல் அழுக்கை மட்டும் எடுத்துவிட்டு, பெயின்ட் கலக்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். கணினியில் கலர் ஸ்கேன் செய்யும் கருவி இருக்கும் கடையாகப் பாருங்கள். கலந்து தந்ததை ஒரு தகரத் துண்டில் அடித்து, காயவிட்டு, காலை வெயிலில் பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு மட்டும் லிட்டர் கணக்கில் ஆர்டர் கொடுங்கள். கடை டியூப் லைட்டில் எல்லா நீலமும் ஒரே நீலமாகத்தான் தெரியும்.